தன் ரொட்டியைத் தின்னாத பேக்கரிக்காரர்

சந்தேகப்படுவது என் பிறவிக் குணம். காய்காரர் எடை போடும்போது எல்லோரும் தராசைப் பார்ப்பார்கள், நான் அவருடைய சுண்டுவிரலைப் பார்ப்பேன். ஆகையால் நான் வேலை பார்த்த பேக்கரியின் முதலாளியைப் பற்றிச் சொல்லும்போதும் என் புத்தி அங்கங்கே எட்டிப் பார்க்கும், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் தங்கமான மனிதர். தங்கமானவர்களை நான் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்ப்பேன்.

அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தெருவில் அவருக்கு 'முதல்வாய்' என்று பெயர். காலையில் முதல் தட்டு பன் அடுப்பிலிருந்து இறங்கியதும் அதைத் தானே தூக்கிக்கொண்டு கடை முகப்புக்கு வருவார். ஒரு பன்னை எடுத்து இரண்டாகப் பிய்த்து, ஆவி பறக்கப் பறக்க வாயில் போட்டுக்கொள்வார். சூடு தாங்காமல் ஹா ஹா என்று ஊதுவார். விழுங்கிவிட்டு, "நான் தின்னுட்டு உயிரோட நிக்கிறேன். இனிமே உங்க இஷ்டம்" என்பார். அதற்குப் பிறகுதான் வியாபாரம் தொடங்கும்.

அவருக்கு முன்னால் அந்தக் கடையை நடத்தியவன் வண்டு விழுந்த மாவில் ரொட்டி போட்டவன். அந்தக் கெட்ட பெயரோடு கடையைக் குத்தகைக்கு எடுத்த அண்ணன், தெருவை எப்படி நம்பவைப்பது என்று தெரியாமல் ஆரம்பித்த வேலை இது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. முதல்வாய் தின்பதைப் பார்க்கவென்றே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து நிற்கும்.

சிறு வயதில் பெரிய பேக்கரி ஒன்றில் தட்டு தூக்கியவர் அவர். முன்கை இரண்டிலும் அடுப்பு வாய் சுட்ட தழும்புகள் கோடு கோடாக இருக்கும். புருவத்தில் எப்போதும் மாவு. பிசைந்த மாவை மூடி வைத்துவிட்டால், "மாவு தூங்குது, சத்தம் போடாதீங்க" என்று எங்களை அதட்டுவார். சத்தம் போடுவது என்னவோ அவர் மனைவி மட்டும்தான். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணி வாயைத் திறந்தால் எதிர்ச்சாரியில் இருக்கிறவர்கள் பதில் சொல்வார்கள். நான் ரொட்டி வெட்டுவேன், பொட்டலம் கட்டுவேன், துணி துவைப்பேன், அண்ணியிடம் திட்டு வாங்குவேன். சம்பளம் முதல் மூன்றுக்குத்தான்.

அப்படிப்பட்ட மனிதர் சொறிய ஆரம்பித்தார். முழங்கை, முழங்கால், இடுப்புக்குப் பின்னால். மாவுக் கையால் சொறிய முடியாது என்பதால் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பும், உடைந்து புண்ணாகும், ஆறும், மறுபடி கிளம்பும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பெல்லாம் தீர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். முழங்கைப் பக்கம் தோலில் துளி கிள்ளி எடுத்துச் சோதித்தார்களாம். முடிவு தெரிந்து வந்தவரிடம் அண்ணி என்னவென்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, சூடுதான்" என்றார்.

இத்தனை வருஷம் அடுப்பு வாசலிலேயே நின்றவருக்கு இப்போது புதிதாக என்ன சூடு? எனக்கு மூக்கில் வியர்த்தது.

அன்றிலிருந்து நான் அவரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தேன். சட்டை முழுக்கை ஆனது. அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு நாள் ஒரு பெட்டி கையுறை வாங்கி வந்து எனக்கும் ஒரு ஜோடி நீட்டினார். "இனிமே எல்லாரும் கையுறை போட்டுத்தான் வேலை பார்க்கணும்" என்றார். நான் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஏன் இழுத்துக்கொண்டேன் என்று பிறகு சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட, அந்த முதல் வாய். பன்னைப் பிய்ப்பார், வாய்க்குக் கொண்டுபோவார், ஹா ஹா என்று ஊதவும் ஊதுவார். ஆனால் தொண்டை அசையாது. அப்படியே திரும்பித் தும்முவதுபோல் குனிவார். கை ஏப்ரன் பைக்குள் போய்வரும். பிறகு வழக்கம்போல, "நான் தின்னுட்டு உயிரோட நிக்கிறேன்" என்பார். அட பாவி மனுஷா, தின்னவே இல்லையே!

தன் ரொட்டியைத் தானே தின்ன மாட்டேன் என்கிறார் என்றால் அதில் என்ன போடுகிறார்? மாவு மூட்டையின் தையலைப் பார்த்தேன். எண்ணெய் டின்னை மோந்தேன். ஈஸ்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வாய் கொப்பளித்தேன். எல்லாம் பழைய சரக்கேதான், ஒரு மாற்றமும் இல்லை. அதனால் சந்தேகம் தீரவில்லை, இடம்தான் மாறியது.

அடுத்த முறை ஏப்ரனைத் துவைக்க எடுத்தபோது பைக்குள் கை விட்டேன். ஊறிப்போன பன் துண்டுகள் கையோடு வந்தன. கூடவே ஒரு மாத்திரை அட்டை. பாதி தீர்ந்திருந்தது. திருப்பிப் பெயரைப் படித்தேன். டாப்சோன்.

எனக்கு அந்தப் பெயர் தெரியும். என் பெயர் எனக்கு எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என் தோளில் வெளிறிய படை ஒன்று இருந்தது. சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வந்து எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தார். கையில் பஞ்சு வைத்திருப்பார். "கண்ணை மூடிக்கோம்மா. நான் தொடுற இடத்தை விரலால காட்டு" என்றார். கையைத் தொட்டார், காட்டினேன். கழுத்தைத் தொட்டார், காட்டினேன். பிறகு நீண்ட நேரம் சும்மா இருந்தார். கண்ணைத் திறந்தால் பஞ்சு என் தோளில் இருந்தது.

தொழுநோய். அதைக் கேட்டு என் அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். அவர் எங்கள் வீட்டுக்கே வந்து, என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, என் கையால் வாங்கிக் குடித்துக் காட்டினார். "பாருங்கம்மா, நான் குடிச்சிட்டேன். மாத்திரையை மட்டும் விடாம குடுங்க. இது சுத்தமா போயிடும், யாருக்கும் ஒட்டாது" என்றார். மாதக்கணக்கில் விழுங்கினேன். சொன்னபடியே சுத்தமாகப் போய்விட்டது. தோளில் இப்போது தடம்கூட இல்லை. ஆனால் இந்த விஷயம் என் வீட்டுக்காரருக்கே தெரியாது. அம்மா போன பிறகு இது தெரிந்தவர் உலகத்தில் அந்தச் சுகாதாரத் துறைக்காரர் ஒருவர்தான். அவரை எங்கள் தெருவில் எல்லோரும் பஞ்சு ஐயா என்பார்கள். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. சாயங்காலம் ரஸ்க் வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவார். நான் கட்டிக் கொடுப்பேன். எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு என்னைத் தெரியாது. அதுதான் எங்களுக்குள் இருந்த மரியாதை.

இப்போது அந்த மாத்திரை அண்ணன் பையில். அப்படியென்றால் அண்ணனுக்கு அந்த நோய். சரி, வரட்டும், மாத்திரை தின்றால் போய்விடும், எனக்குப் போகவில்லையா? ஆனால் என் மூளை அதோடு நிற்குமா? எனக்கு எதற்குக் கையுறை கொடுத்தார்? ஒருவேளை என் கதை எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்குமோ? என்னிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறாரோ? என்னை வேலையை விட்டு அனுப்ப நாள் பார்க்கிறாரோ? அட்டையைத் துடைத்து, கல்லாவுக்குப் பக்கத்து அலமாரியில் ஒன்றும் தெரியாதவள்போல் வைத்துவிட்டேன். அன்றைக்கு வெட்டிய ரொட்டி ஒன்றுகூட ஒரே கனமாக வரவில்லை.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். மத்தியானம் மாவு தூங்கும் நேரத்தில் அண்ணனும் முக்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொஞ்சம் கண் அசருவார். மாவு மூட்டையிலிருந்து ஒரு நூலை உருவினேன். பூனைபோல் போய் அவர் முன்கையில் நூல் நுனியால் தடவினேன். பட்டென்று அறைந்தார். உணர்ச்சி இருக்கிறது. இந்தப் பக்கம் வந்து மற்ற முழங்கைக்குப் பக்கத்தில், கொப்புளம் ஆறிய இடத்தில் தடவினேன். அங்கேயும் அறைந்தார். கண்ணையும் திறந்துவிட்டார்.

"என்ன தங்கச்சி பண்றே?"

"எறும்பு அண்ணே."

"எறும்பை நூல் கட்டியா பிடிப்பாங்க?"

உள்ளே ஓடிவிட்டேன். உணர்ச்சி இருந்தால் அந்த நோய் இல்லையா? அப்படியும் சொல்லிவிட முடியாது. எனக்குத் தோளில்தான் இல்லை, மற்ற இடத்தில் எல்லாம் இருந்ததே. நூல் வைத்துப் பார்த்ததில் எனக்கு இன்னும் குழப்பம்தான் கூடியது.

இதற்குள் தெருவும் மோப்பம் பிடித்துவிட்டது. மாடிவீட்டு அக்கா என்று ஒருத்தி. அவளுக்கு மேலேயிருந்து பார்த்தால் எங்கள் கடை முகப்பு, அண்ணன் குனிவது, பைக்குள் கை போவது எல்லாம் சினிமா. ஒரு நாள் அவள் அண்ணனிடமே கேட்டுவிட்டாள். "என்னங்க, முன்னெல்லாம் முழுங்குவீங்க. இப்போ பைக்குள்ள போடறீங்க?"

"பேரப்பிள்ளைக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றார் அண்ணன். அவருக்குப் பேரப்பிள்ளை கிடையாது, பெற்ற பிள்ளைகளே இன்னும் பள்ளிக்கூடம் போகிறார்கள். பொய் சொல்லத் தெரியாதவர்கள் பொய் சொன்னால் இப்படித்தான்.

அதற்கு மறுநாள் சாயங்காலம் பஞ்சு ஐயா வந்தார். நான் ரஸ்க்கைக் கட்டி நீட்டினேன். அவர் காசு எடுக்கத் திரும்பியபோது அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார். நான் ஒரு பைத்தியக்காரி, அதை அங்கே வைத்திருக்கக் கூடாது. அவர் பார்வை அட்டையிலிருந்து அண்ணனின் முழுக்கைச் சட்டைக்குப் போனது, அங்கிருந்து கையுறைக்குப் போனது. நீட்டிய பொட்டலத்தை அவர் வாங்கவில்லை.

"நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளைக்கு அவர் எதிர்ச்சாரிக் கடையில் ரஸ்க் வாங்கினார். அதற்கடுத்த நாளும் அங்கேதான். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசியிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம். வாழ்நாள் முழுக்க அந்த ஒரு நோயையே பார்த்தவர், முதல்வாய் கடையை விட்டு எதிர்க்கடைக்குப் போகிறார் என்றால் தெருவுக்கு வேறு என்ன விளக்கம் வேண்டும்? அவர் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதையும் மேலேயிருந்து பார்த்திருந்த அக்கா, இறங்கி வந்து வீடு வீடாகக் கதைக்குக் கண் காது மூக்கு வைத்துவிட்டாள்.

அப்புறம் நடந்ததைச் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. முதலில் பன் மிஞ்சியது. மிஞ்சிய ரொட்டியை ரஸ்க்காகச் சுட்டோம். ரஸ்க்கும் மிஞ்சியது. ரஸ்க்கை இன்னொரு முறை சுட்டால் கரிதான். இருமல், தும்மல் என்று எதற்கெடுத்தாலும் எங்கள் கடை ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றவர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி எங்கள் கண் முன்னாலேயே பிள்ளையின் கையைத் தட்டிவிட்டாள். அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு முகப்புக்கு வந்து, யாரும் இல்லாத தெருவைப் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே எடுத்துப் போனார். இப்படியே போனால் குத்தகை முடிவதற்குள் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஒரு நாள் அண்ணி கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். அவள் எழுந்து வந்தாலே எங்களுக்குப் பயம்.

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். உங்களுக்கு அந்த நோயா? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க. நான் என்ன ஓடியா போயிடப் போறேன்? ஊரெல்லாம் பேசுது, எனக்கு மட்டும் சூடாம் சூடு!" கத்திக்கொண்டே அழுதாள்.

அண்ணன் மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். "அந்த நோயா இருந்தா பரவாயில்லையே. எனக்கு ரொட்டி ஆகாது" என்றார்.

"என்னது?"

"கோதுமை ஆகாதாம். அதுல இருக்கிற ஏதோ பசை உள்ள போனா, உடம்பு அதை எதிரின்னு நினைச்சு சண்டைக்குப் போகுதாம். அந்தச் சண்டைதான் தோல்ல அழற்சியா கிளம்புதாம். தொட்டா ஒண்ணுமில்ல, தின்னாத்தான். இனிமே வாழ்க்கையில கோதுமை தொண்டைக்குள்ள இறங்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர். பேக்கரி வச்சிருக்கேன்னு சொன்னேன், மனுஷன் சிரிச்சிட்டார்."

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் ரொட்டி தனக்கே ஆகாது என்று ஒரு பேக்கரிக்காரன் எந்த வாயால் சொல்வான்? அதுவும் முதல்வாய்? கையுறையும் அதற்காகத்தான். சொறிந்த கையை யாரும் பார்க்கக் கூடாது, அவர் மட்டும் போட்டால் கேள்வி வரும், அதனால் எல்லோருக்கும். நான் என்னென்னவோ நினைத்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஆனாலும் நான் விடவில்லை. "அப்போ அந்த மாத்திரை? அது தொழுநோய்க்குக் குடுக்கிறதாச்சே" என்றேன். சொன்ன பிறகுதான், எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவார்களோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். நல்லவேளை, தெருவே அதைத்தான் பேசிக்கொண்டிருந்ததால் யாரும் கேட்கவில்லை.

"அதுக்குன்னு வந்த மாத்திரைதான். இந்த அழற்சியையும் அது அடக்குதுன்னு பிற்பாடு தெரிஞ்சுதாம். இதுமாதிரி நிறைய இருக்காம். மலேரியாவுக்கு வந்த மாத்திரையை மூட்டு வீக்கத்துக்குக் குடுக்கிறாங்களாம். புற்றுநோய் மாத்திரையையும் துளியூண்டு அளவுல, வாரத்துக்கு ஒருவாட்டி, அதே மூட்டுக்குக் குடுக்கிறாங்களாம். புதுசா ஒண்ணைக் கண்டுபிடிக்கிறதைவிட, கையில இருக்கிறது வேற எதுக்காவது ஆகுமான்னு பார்க்கிறது மேலுன்னு சொன்னார். இது ரத்தத்துல வேலையைக் காட்டினாலும் காட்டுமாம், அதான் அடிக்கடி சோதிக்கிறாங்க."

அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டே, "விலைவாசி அப்படி இருக்கு. மாத்திரையும் ரெண்டு எடத்துல வேலை பார்க்க வேண்டியிருக்கு" என்றாள். அழுதுகொண்டே கிண்டல் பண்ண அவளால்தான் முடியும்.

எனக்கு அரை நம்பிக்கைதான் வந்தது. நோயாளி பயந்துவிடக் கூடாது என்று டாக்டர்கள் எத்தனையோ கதை சொல்வார்கள். என் அம்மாகூட அக்கம்பக்கத்தில் எனக்குச் சத்து மாத்திரை என்றுதானே சொல்லிவைத்திருந்தாள். இதைத் தீர்த்துச் சொல்ல ஒரே ஆள்தான் உண்டு. அண்ணனை இழுத்துக்கொண்டு போனால் பஞ்சு ஐயா வாயைத் திறக்க மாட்டார் என்று நான் தனியாகவே அவர் வீட்டுக்குப் போனேன். அந்த வாசற்படியை மிதித்தது அதுதான் முதல் தடவை.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். அண்ணன் சொன்னதை வரி விடாமல் சொன்னேன்.

கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "கொப்புளம் முழங்கை, முழங்கால்லயா? ரொம்ப அரிக்குதா?" என்றார்.

"நிலைக்கதவே தேயுது ஐயா."

"அப்போ அவர் சொல்றது சரிதாம்மா. அந்தத் தோல் அழற்சிக்கும் இதே மாத்திரைதான். எனக்குத் தெரிஞ்சதுதான். ஆனா அட்டையைப் பார்த்ததும் என் புத்தி பழைய இடத்துக்கே போயிடுச்சு. நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலையே?"

"பேசாம எதிர்க்கடைக்குப் போனீங்களே. அது போதாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் விடுவேனா? "அப்படியே அந்த நோயா இருந்தாலும் மாத்திரை சாப்பிடறவர்கிட்ட இருந்து ஒட்டாதுன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?"

"ஒட்டாதும்மா. நல்லாத் தெரியும். ஆனா கால் அந்தப் பக்கம் போகல" என்றார்.

உண்மையைத்தான் சொன்னார். அதற்காகவே எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அதற்காகவே கோபம் தணிந்தும் போனது. "நாளைக்குக் காலையில முதல் தட்டு இறங்கும்போது வர்றேன். கெடுத்தது நான், நானே சரி பண்றேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். சும்மா வரவில்லை, வரும் வழியெல்லாம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீடு வீடாகப் போய்ப் பேசிப் பழகிய மனிதர் அல்லவா, மாடிவீட்டு அக்காவையே கீழே இறக்கிவிட்டார். எங்கள் கடை முன்னால் கூட்டத்தைப் பார்த்து எத்தனை நாள் ஆகியிருந்தது! அண்ணன் தட்டோடு முகப்புக்கு வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றியதோ, ஒரு பன்னைப் பிய்த்து நிஜமாகவே வாய்க்குக் கொண்டுபோய்விட்டார். தின்றால் மறுபடி உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பும் என்று தெரிந்தும்தான்.

பஞ்சு ஐயா எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "வேண்டாம்" என்றவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். கோதுமை ஆகாத உடம்பு, தோல் அழற்சி, ஒரே மாத்திரை இரண்டு நோய்க்கு ஆவது, எல்லாவற்றையும் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "உங்களுக்காக அவர் விஷத்தைத் தின்ன வேண்டாம். அவருக்கு ரொட்டி ஆகாது, உங்களுக்கு நல்லாவே ஆகும்" என்றார். நன்றாகத்தான் சொன்னார். நான் உள்ளே பொட்டலத் தாளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாடிவீட்டு அக்கா மட்டும் மசியவில்லை. "அதெல்லாம் சரிங்க ஐயா. அந்த நோய் இல்லவே இல்லைன்னு நீங்க அடிச்சுச் சொல்லுவீங்களா?"

பஞ்சு ஐயா சிரித்தார். "என்னம்மா நீங்க! அந்த நோய் இருக்கிற கையை மாவுல வைக்க விட்டிருப்பேனா? நானே முதல் ஆளா வந்து கடையைப் பூட்டியிருக்க மாட்டேனா?"

கூட்டமே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். பூட்டு உடைந்ததுபோல் எல்லோரும் ஒரே சமயத்தில் காசை நீட்டினார்கள். "எனக்கு நாலு பன், எனக்கு ஒரு ரொட்டி" என்று ஒரே கூச்சல். சிரித்துக்கொண்டே திரும்பிய பஞ்சு ஐயா என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவர் என்ன சொன்னார் என்று அவருக்கே கேட்டது. முகம் செத்துப்போய்விட்டது.

நான் கட்டிக்கொண்டிருந்தேன். கை பாட்டுக்குக் கட்டியது. அங்கேயே தாளைக் கீழே போட்டுவிட்டு, "நானும் அந்த மாத்திரையைத் தின்னவதான்யா! இந்தக் கையாலதான் இத்தனை வருஷம் உங்க பிள்ளைங்களுக்குக் கட்டிக் குடுத்தேன். யாருக்கு என்ன ஆச்சு?" என்று கத்தியிருக்கலாம். கத்தினால் நீட்டிய காசெல்லாம் அப்படியே பைக்குள் திரும்பிப் போயிருக்கும். அண்ணனுக்கு அப்போதுதான் திரும்பக் கிடைத்த கடை என் ஒரு வார்த்தையில் போயிருக்கும். அவரைக் காப்பாற்றியதே அந்த ஒரு வாக்கியம்தான். அதை நான் எப்படி உடைப்பேன்? வாயை மூடிக்கொண்டேன். எத்தனை பொட்டலம் கட்டினேன் என்று எனக்குத் தெரியாது.

கூட்டம் கொஞ்சம் வடிந்ததும் பஞ்சு ஐயா நான் ரொட்டி வெட்டும் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, "உன்னை நினைச்சு சொல்லலம்மா" என்றார்.

"தெரியும் ஐயா. நினைச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டீங்க. நினைக்காததாலதான் மனசுல இருக்கிறது வந்துடுச்சு."

உள்ளே அண்ணன் அடுத்த தட்டை இறக்கிக்கொண்டே யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தப் பழைய குரல். கல்லாவிலிருந்து அண்ணி எக்கி என் தோளில் செல்லமாக ஓர் அடி வைத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

"கடவுள் காப்பாத்தினார்டி! அந்த நோய் மட்டும் இருந்திருந்தா நானே இவரைக் கடைக்குள்ள விட்டிருக்க மாட்டேன். ஓடிப்போக மாட்டேன்னு வாயால சொன்னேனே தவிர, உள்ளுக்குள்ள அப்படி ஒரு அருவருப்பு. சொல்லு, யாரு அந்தக் கையால வாங்கித் தின்னுவா?"

பஞ்சு ஐயா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரும் தின்ன மாட்டாங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு, அவள் பிள்ளைகளுக்காகத் தனியாக எடுத்து வைத்திருந்த ரொட்டியை வெட்ட ஆரம்பித்தேன்.